யார் யாருக்காகக் காத்திருப்பது?

ஆச்சியின் தாலாட்டு நான்கு நிமிடம் என் போனில் இருக்கிறது. தங்கச்சி மகளைத் தூங்கவைக்கப் பாடியது. பின்னால் ஃபேன் சத்தம், நடுவில் ஒரு குக்கர் விசில். ஆச்சி இப்போது இல்லை. அந்தக் குரலோடு கொஞ்சம் கிதார் சேர்த்து, பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று லாஜிக் ப்ரோவில் இழுத்துப் போட்டேன்.

புது ப்ராஜெக்ட் திறந்தால் டெம்போ 120 என்று நிற்கும். நிமிடத்துக்கு 120 அடி. நான் 70க்கு இறக்கினேன். அப்போதும் ஆச்சி கட்டத்துக்குள் உட்காரவில்லை. முதல் வரியில் முந்தினாள், மூன்றாவதில் பிந்தினாள். ஃப்ளெக்ஸ் டைமை வைத்து ஒவ்வொரு அசையையும் கோட்டில் பிடித்து நிறுத்தினேன். கிதார் வாசிக்க வந்த நண்பன், "இப்பதான் மாப்ள கரெக்டா இருக்கு" என்றான்.

கரெக்டாகத்தான் இருந்தது. ஆனால் அது ஆச்சியாக இல்லை.

மூலப் பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் பிடிபட்டது. பாப்பா சிணுங்கும் இடத்தில் பாட்டு வேகமெடுக்கிறது. சிணுங்கல் அடங்க அடங்க மெதுவாகிறது. ஆச்சிக்குத் தாளம் தப்பவில்லை. அவள் குழந்தையின் தாளத்தில் போய்க்கொண்டிருந்தாள். அதைத்தான் நான் 'பிழை' என்று திருத்தியிருக்கிறேன்.

இதை வைத்து மெஷினைத் திட்டுவது சுலபம். மெல்ட்செல் 1815இல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கினார். பீத்தோவன் அதை ஆசையாக ஏற்று, தன் சிம்பொனிகளுக்கு வேக எண் போட்டார். முகம் பார்க்காத இருவர் ஒரே பாட்டில் வாசிக்க அந்த எண் உதவுகிறது. க்ளிக்கைக் காதில் மாட்டிக்கொண்டு பாடுகிறவர் தெரிந்தே அதற்குச் சம்மதிக்கிறார். பிடிக்காவிட்டால் "இன்னொரு டேக் போலாம்" என்பார். ஆச்சியால் அதைச் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாத ஒருவரைத் திருத்துவதற்கு முன், நமக்குக் கூடுதலாகக் கொஞ்சம் தயக்கம் வரவேண்டாமா?

லாஜிக்கில் 2018 முதல் ஸ்மார்ட் டெம்போ இருக்கிறது. அதில் ப்ராஜெக்டின் வேகத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அல்லது பதிவின் வேகத்துக்கு ப்ராஜெக்டை வளையச் சொல்லலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதிலும் முழு நிம்மதி இல்லை. ஆச்சி பாட்டை நிறுத்தி, பாப்பா தூங்கிவிட்டாளா என்று பார்க்கும் இடத்திலும் மென்பொருள் அடிகளை ஊகித்து வைத்திருந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அடிகளைக் கையால் நகர்த்தினேன். அப்போதுகூட எது அடி, எது மூச்சு என்று தீர்மானித்தது நான்தான். வளைந்து கொடுப்பதிலும் ஓர் அதிகாரம் ஒளிந்திருக்கிறது. அதிலிருந்து முழுசாகத் தப்பிக்க வழி இருப்பதாகத் தெரியவில்லை.

நண்பன் மறுபடி வந்தான். "எண்ணவே முடியலயே மாப்ள, எங்க நுழையறது?" என்றான்.

கச்சேரியில் விருத்தம் பாடும்போது தாளம் கிடையாது. மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். வயலின் மட்டும் குரலின் பின்னாலேயே வரும். "எண்ணாத, ஆச்சி மூச்சு இழுக்கறத மட்டும் கேளு" என்றேன். நாலாவது டேக்கில் வந்துவிட்டது.

பாப்பா தூங்கிவிட்டாளா என்று ஆச்சி பார்க்கும் இடத்தில் இப்போது கிதாரும் நிற்கிறது. அங்கே ஃபேன் சத்தம் மட்டும்தான்.