வருகையின் மறுநாள்

கர்த்தருடைய இரண்டாம் வருகையைப் பற்றிப் பேசும் பிரசங்கிமார் பெரும்பாலும் அந்நாளின் எக்காளத்தையும் மேகங்களையும் வர்ணிப்பதிலேயே திருப்தி அடைந்துவிடுகிறார்கள். நான் அறிய விரும்புவதோ, குறித்த நாள் கடந்து வழக்கம்போல் பொழுது விடிந்துவிட்டால் விசுவாசி என்ன செய்கிறான் என்பதையே.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து லோ ஹாம்ப்டன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த வில்லியம் மில்லர், 1812ஆம் ஆண்டு யுத்தத்தில் பங்கெடுத்துத் திரும்பிய விவசாயி. சில காலம் வேதத்தை நம்பாதிருந்து, பின் மனந்திரும்பி, சொல்லடைவு ஒன்றைத் துணைகொண்டு வசனம் வசனமாக வேதத்தை ஆராய்ந்தவர். தானியேல் தீர்க்கதரிசனத்தின் 2300 நாட்களை வருஷங்களாகக் கொண்டு, அர்தசஷ்டா ராஜாவின் கட்டளை பிறந்ததாக அவர் கருதிய கி.மு. 457இலிருந்து எண்ணியபோது, கர்த்தருடைய வருகையின் ஆண்டாக 1843 என்ற விடை கிடைத்தது, கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையே பூஜ்ய வருஷம் கிடையாது என்பதையும் சேர்த்துக் கணக்கிட, அது 1844 ஆயிற்று. அக்டோபர் 22 என்று நாளையே குறித்தவர் சாமுவேல் ஸ்நோ என்ற வேறொரு பிரசங்கியார். நெடுநாள் தயங்கிய மில்லர் அந்த மாதம் பிறந்த பின்னரே அதற்கு இசைந்தார்.

அந்த நாளை நம்பி, விளைந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் நிலத்திலேயே விட்டவர்களும், கடையை அடைத்தவர்களும், கடனை அடைத்தவர்களும் அவ்வருஷம் இருந்தார்கள். (வெள்ளங்கி தரித்துக் கூரைமேல் ஏறி நின்றார்கள் என்பது பரிகாசக்காரர் பரப்பிய கதை, ஆராய்ந்தவர்கள் அதற்குத் தக்க சான்று காணவில்லை.) கடனைத் தீர்த்தவர்களை நான் குறைகூறமாட்டேன், நியாயத்தீர்ப்பை எதிர்நோக்குகிறவன் முதலில் பிறனுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடுவது மிகவும் பொருத்தமே. ஆனால் இரவு முழுவதும் காத்திருந்து, விடியும்வரை அழுது, 23ஆம் தேதி காலையில் தெருவிற்கு வந்தவர்களை அயலார் ஏளனம் செய்தபோது, அவர்களுக்குத் தேவைப்பட்ட பதில் தானியேலின் எண்களில் இல்லை.

அந்தப் பதில் ஏறக்குறைய பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. கி.பி. 50ஐ ஒட்டி, மக்கெதோனியாவின் துறைமுகப் பட்டணமான தெசலோனிக்கேயில் இருந்த இளம் சபைக்கு அப்போஸ்தலனாகிய பவுல் எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தைக் கவனியுங்கள்: அமைதியாயிருந்து சொந்தக் கைகளால் உழைக்கும்படி சொன்ன மாத்திரத்தில், மூச்சு விடாமல், வருகைக்கு முன் மரித்த தங்கள் பிரியமானவர்களின் கதி என்னவோ என்று கலங்கியவர்களைத் தேற்றப் புகுகிறார், மரித்தோரே முதலாவது எழுந்திருப்பார்கள் என்ற பெரும் நம்பிக்கை, கைத்தொழிலைப் பற்றிய புத்திமதிக்கு அடுத்த சில வரிகளிலேயே வருகிறது. இரண்டிற்கும் இடையே விளக்கவேண்டிய இடைவெளி ஒன்று இருப்பதாகவே அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. கூடாரத் தொழிலாளியான அவரே இராப்பகலாகப் பாடுபட்டு, எவருக்கும் பாரமாகாமல் பிரசங்கித்தவர். எஜமானுடைய வருகையைப் பற்றி இயேசு சொன்ன உவமையிலும், உண்மையுள்ள ஊழியக்காரன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, வீட்டாருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறான். நாளும் நாழிகையும் குமாரனுக்கும்கூட மறைக்கப்பட்டிருக்கிறது என்று சுவிசேஷம் சொல்லுகையில், அதைக் கணிக்க நமக்கிருக்கும் அவசரம் விசுவாசத்தைவிடப் பொறுமையின்மையையே அதிகம் காட்டுகிறது என்று தோன்றுகிறது. ஆயினும், கணக்குத் தப்பியதைக் கண்டு சிரித்தவர்கள் அதனாலேயே ஞானிகளாகிவிடவில்லை. எதையும் எதிர்பாராமல் வாழ்வதும் ஒருவகை உறக்கம்தான்.

மில்லரின் மகத்துவத்தை நான் காண்பது அவருடைய பிரசங்க யாத்திரைகளில் அன்று, குறித்த நாள் தவறிய பிற்பாடு வந்த ஐந்து வருஷங்களில். கணிப்புப் பிழை என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்; 1845இல் அவருடைய பாப்டிஸ்ட் சபை அவரை விலக்கிற்று; வருகையின்மீது வைத்த நம்பிக்கையை மட்டும் அவர் விடவில்லை. 1848இல், பார்வை மங்கிவந்த காலத்தில், தம் வீட்டருகே ஒரு சிற்றாலயம் எழுப்பினார்; மறுவருஷம் டிசம்பரில் இறந்தார். முடியப்போகும் உலகில் புதிதாக ஆலயம் எதற்கு என்று ஊரார் கேட்டிருக்கலாம். தெசலோனிக்கேயருக்கு எழுதிய அந்தக் கூடாரத் தொழிலாளி கேட்டிருக்கமாட்டார்.