விலக்காமையும் பள்ளிக்கூடமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமயக் கல்வியைப் பள்ளியிலேயே புகட்ட வேண்டுமா என்னும் வினா நம் பாகவத கோஷ்டிகளில் அடிக்கடி எழுகிறது. திருப்பாவை முப்பதும் அறியாத தலைமுறை வளர்கிறதே என்ற ஆதங்கம் நியாயமானதே. அடியேனும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் எங்கே தடைப்பட்டது, நம் ஸம்ப்ரதாயம் இதில் காட்டும் வழி யாது என்பவற்றைத் தேவரீர்களிடம் விண்ணப்பிக்க முற்படுகிறேன்.

சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சார்ந்த செம்மநத்தத்தில், ஒரு கார்த்திகை மாதம் சில நாள் தங்கும்படி நேர்ந்தது. காபித் தோட்டங்களும், நிழல் மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக் கொடிகளுமாக இருக்கும் மலை அது. அங்கே வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கொண்டு கேரளத்தவர் என்று கருதலாகாது. அவர்கள் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. மூவரான உடன்பிறந்தாரில் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் சென்றனர் என்பர். பேரருளாளன் எழுந்தருளியிருக்கும் காஞ்சியை நினைத்தவுடனே அடியேனுக்கு ஆவல் மிகுந்தது. இப்பிள்ளைகளுக்கு மார்கழி முழுவதும் திருப்பாவை சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு பொருத்தம் என்று எண்ணி, மலையிலுள்ள அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையை அணுகினேன். புத்தகங்களை இலவசமாகத் தருவதாகவும், நாள்தோறும் காலையில் அரைமணி நேரம் போதும் என்றும் கூறினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "ஐயா, வேறு சமயத்துப் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். அந்த அரைமணி நேரம் அவர்கள் எங்கே இருப்பார்கள்?" என்றார்.

"வெளியே விளையாடட்டுமே, அம்மா" என்றேன்.

"மார்கழிக் குளிரில் வெளியே நிற்கிற பிள்ளை, தான் விளையாடுவதாக நினைக்காது ஐயா. தன்னை விலக்கி வைத்ததாகத்தான் நினைக்கும். உள்ளே இருக்கிற மலைப்பிள்ளைகளுக்கும் சேர்வராயன் சாமி உண்டு. அவரைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டால் தாங்கள் என்ன சொல்வீர்கள்?"

அடியேனால் மறுமொழி கூற இயலவில்லை. சேர்வராயன் உச்சியிலுள்ள குகைக்கோயிலுக்கு ஆண்டுதோறும் மே மாதத்தில் மலைமக்கள் திரண்டு வருவர். தேவதாந்தர பஜனம் கூடாது என்பது நமக்கு உயிரான கொள்கை. அதனை ஏழு வயதுக் குழந்தையிடம் சொன்னால், அதன் தாயும் பாட்டியும் கைகூப்பிய இடத்தை இழித்துரைத்ததாகும். சொல்லாமல் மறைத்தாலோ, நாம் கற்பிப்பது நம் ஸம்ப்ரதாயம் ஆகாது. இவ்விரண்டில் எதற்கும் மனம் துணியவில்லை.

அன்றிரவு அரசியலமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவை எடுத்துப் படித்தேன். முழுவதும் அரசு நிதியால் நடைபெறும் கல்விக்கூடத்தில் சமய போதனை கூடாது என்பது அதன் முதல் கூறு. அரசின் அங்கீகாரமோ உதவித்தொகையோ பெறும் பிற பள்ளிகளில், இசைவு இல்லாமல் எவரையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யலாகாது, மைனராயின் பாதுகாவலரின் இசைவு வேண்டும் என்பது மூன்றாம் கூறு. ஆயினும் சமயங்களைப் பற்றிய அறிவை ஊட்டுவது வேறு, சமய போதனை வேறு என்று உச்ச நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டு அருணா ராய் வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆகவே ஆழ்வார்கள் பள்ளியின் வாசலில் தடுக்கப்படவில்லை. தமிழக அரசின் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் நாச்சியார் திருமொழியும், பத்தாம் வகுப்பு நூலில் பெருமாள் திருமொழியும் இடம்பெற்றுள்ளன. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அவற்றைத் தமிழாகப் படிக்கின்றனர். ஒருவரும் வெளியே நிற்கவில்லை.

பிற நாடுகள் வேறு வழிகளை மேற்கொண்டன. இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளிகளில் சமயக் கல்வியைக் கட்டாயமாக்கி, பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையைப் பெற்றோருக்கு அளித்தது. இலங்கையில் பிள்ளைகள் தத்தம் சமயத்தையே பாடமாகப் படிக்கின்றனர். சிங்கப்பூர் 1984-இல் மேல்வகுப்புகளில் சமய அறிவைக் கட்டாயப் பாடமாக்கிச் சில ஆண்டுகளிலேயே அக்கட்டாயத்தைக் கைவிட்டது. ஒவ்வொன்றிலும் நன்மையும் இடரும் உண்டு. சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதோடு நம் கேள்வி முடிவதில்லை. சட்டமே இடம் தந்தாலும், நாம் அவ்வாறு செய்யலாமா?

அரசன் ஆணையால் பள்ளியில் சமயம் புகட்டப்பட்ட வரலாறு ஒன்றை நாம் நன்கறிவோம். இரணியனின் ஆணைப்படி, சுக்ராசார்யரின் புதல்வர்களான சண்டனும் அமர்க்கனும் நடத்திய பள்ளி அது. அதில் கட்டாயத்துக்கு உட்பட்ட பிள்ளை ப்ரஹ்லாதாழ்வான். இவ்வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் நாம் அப்பிள்ளையின் பக்கம் நிற்கிறோம். நம் பாடம் உண்மையானது, இரணியனின் பாடம் பொய்யானது, ஆகவே நாம் கட்டாயப்படுத்தலாம் என்று வாதிடலாம். ஆனால் கட்டாயப்படுத்துகிறவன் எவனும் தன் பாடத்தைப் பொய்யென்று நினைப்பதில்லையே! ப்ரஹ்லாதனும் அதே பள்ளியில் உடன்பயின்ற பிள்ளைகளுக்கு உபதேசித்தான் என்பதும் மெய்யே. ஸ்ரீபாகவதம் ஏழாம் ஸ்கந்தத்தில் அந்த இடத்தை நோக்கினால், ஆசிரியர்கள் தம் வேலையாகச் சென்ற ஓய்வு வேளையில் தோழமையோடு சொன்னது என்பது விளங்கும். 'இதனை நீ எங்கே கற்றாய்' என்று பிள்ளைகள் வினவ, தாயின் வயிற்றில் இருந்தபோது நாரதரிடம் கேட்டதை அவன் கூறினான். அங்கே வருகைப் பதிவேடும் இல்லை, தண்டனையும் இல்லை.

எம்பெருமானார் திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து பெற்ற அர்த்தத்தை வெளியிட்டருளியதும் இவ்வாறே. அவர் குலத்தையும் கல்வியையும் தகுதியாகக் கொள்ளவில்லை. ஆசை என்னும் ஒரு தகுதியை மட்டும் நீக்காமல் வைத்தார். கதவைத் திறந்தாரேயன்றி, ஒருவரையும் உள்ளே இழுத்துத் தள்ளவில்லை.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். பூனை தன் குட்டியைக் கேட்டா தூக்கிச் செல்கிறது? குழந்தையின் இசைவை எதிர்பார்ப்பது க்ருபையை அறியாமை ஆகாதா? அதற்கு விடை நம் பூர்வாசார்யர்களிடமே உள்ளது. எம்பெருமானின் க்ருபைக்கு நம் பக்கத்தில் வேண்டுவது விலக்காமை மட்டுமே என்று பிள்ளை லோகாசார்யர் முதலானோர் அருளிச்செய்தனர். அவன் அணைக்க வரும்போது நாம் கையைத் தட்டிவிடாதிருந்தால் போதும். வற்புறுத்திப் புகட்டிய பாடம் பிள்ளையின் நெஞ்சில் முதலில் விளைப்பது அந்த விலக்கையே. மனப்பாடம் தவறியதற்காகத் தலை குனிந்த பிள்ளையும், வாசலுக்கு வெளியே நின்ற பிள்ளையும் பிற்காலத்தில் அத்திருநாமத்தைக் கேட்கும்போது எதை நினைப்பார்கள்? எம்பெருமான் எதிர்பார்க்கும் ஒன்றையே நாம் அழித்துவிட்டோமாயின், அது கைங்கர்யம் ஆகுமா?

கணக்கும் பிள்ளையைக் கேட்டுக் கற்பிக்கப்படுவதில்லையே என்பர் சிலர். கூட்டலின் விடை எவர் போட்டாலும் ஒன்றே. பிழையானால் காட்டித் திருத்தலாம். பக்தி என்பதோ ஓர் உறவு. தாயிடம் அன்பு வைக்கும்படி மதிப்பெண் போட்டு எவரும் கற்பிப்பதில்லை.

இவ்வாறு எண்ணி வந்தபோது, இதுகாறும் தவிர்த்துவந்த கேள்வி ஒன்று அடியேனையே நோக்கித் திரும்பியது. மலைப்பிள்ளைகளுக்காகப் புத்தகம் வாங்கத் துணிந்த அடியேன், என் பேத்திக்கு ஒரு பாசுரமேனும் சொல்லிவைத்தேனா? வங்கிப் பணிக்காலத்தில் நேரமில்லை என்றேன். ஓய்வுபெற்றபின், அவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்றேன். வீட்டில் நாம் செய்யத் தவறியதைப் பள்ளியின் தலையில் ஏற்றுவதற்குச் சமயப்பற்று என்று பெயரிட்டிருந்தேன். 28-ஆம் பிரிவு நம் பூஜையறைக்குள் வருவதில்லை. திண்ணையையோ திருக்கோயில் மண்டபத்தையோ, பெற்றோர் இசைவோடு விடுமுறை நாளில் கூடும் வகுப்பையோ அது தடுக்கவில்லை. அங்கெல்லாம் பாய் விரித்துக் காத்திருக்க வேண்டியவர்கள் நாமே.

அந்த மார்கழியிலிருந்து நாள்தோறும் அலைபேசியின் வீடியோ அழைப்பில் திருப்பாவை ஸேவிக்கிறேன். நேரம் இன்னது என்று பேத்திக்குச் சொல்லியிருக்கிறேன். வரவேண்டும் என்று சொல்லவில்லை. சில நாள் வருகிறாள். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கிறாள். சில நாள் வருவதில்லை. அந்நாள்களில் அடியேன் தனியே ஸேவிக்கிறேன். மறுநாள் வரும்போது, நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை.

குற்றம் குறை இருப்பின் தேவரீர்கள் க்ஷமித்தருள வேண்டும்.

அடியேன் ராமாநுஜ தாஸன்