ஹாரன் யாருக்காக?

ரயில் ரசிகர்களோடு அரை மணி நேரம் இருந்தால் போதும், பேச்சு ஹாரனுக்கு வந்துவிடும். ஈரோடு ஷெட் டபிள்யூஏபி-4 ஒரு ரகம், ராயபுரம் டபிள்யூஏபி-7 இன்னொரு ரகம் என்பார்கள். எஞ்சின் கண்ணில் படுமுன்பே சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுபவர்களும் உண்டு. எனக்கு இதில் குறை தெரியவில்லை. சீவாளி மாறினால் கண்டுபிடிக்கிற காதும் இதே மாதிரி காதுதான்.

ஆனால் ஹாரன் ஒரு சொல்லும்கூட. ‘தள்ளி நில்’ என்பதே அதன் முதல் பொருள். லெவல் கிராசிங்குக்கு முன்னால் மஞ்சள் பலகையில் டபிள்யூ/எல் என்று எழுதி வைத்திருப்பது அதற்காகத்தான்.

1845-ல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்ற விஞ்ஞானி, டாப்ளர் சொன்னது சரியா என்று பார்க்க, ரயிலில் இசைக்கலைஞர்களை ஏற்றி ஊதச் சொன்னார். நெருங்கும்போது சுருதி கூடியும் விலகும்போது குறைந்தும் கேட்டது. வீடியோக்களில் நாம் ‘செம’ என்று காத்திருக்கும் இடமும் இதுதான். அந்தச் சறுக்கல் வெளியே நிற்பவருக்கு மட்டுமே. கேபினில் இருக்கும் லோகோ பைலட்டுக்குச் சுருதி மாறுவதே இல்லை.

அவர் பக்கம் போய்ப் பார்ப்போம். 110 கி.மீ. வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 30 மீட்டர். தண்டவாளத்தை ஒட்டி ஓர் உருவம், கையில் போன். ரசிகனா, காதில் இயர்போன் மாட்டியவனா, வாழ்க்கை வெறுத்து வந்தவனா? தெரிந்துகொள்ள வழியில்லை. பிரேக் போட்டாலும் வண்டி நிற்கப் பல நூறு மீட்டர் வேண்டும். ஒதுங்கிப் போக ஸ்டியரிங் கிடையாது. ஹாரனை நீளமாக அழுத்துகிறார். நாம் வீடியோவுக்கு ‘வெறித்தனமான ஹாரன்’ என்று தலைப்பு வைக்கிறோம்.

இன்னொருவருக்கு நம்மால் உண்டான பயத்தை நாம் இசையாகக் கேட்கலாமா?

“யாருக்கும் ஒண்ணும் ஆகலையே ப்ரோ” என்பார்கள். ரயில்வே சட்டம் 1989-ன் 147-வது பிரிவு, அத்துமீறி நுழைபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள். நமக்கு ஒன்றும் ஆகாது என்பது நமக்குத் தெரியும். அந்தச் சில நொடிகள் அவருக்குத் தெரியாது. தவிர, சொல் தேயும். தினமும் நான்கு பேர் இப்படி நின்றால், நிஜமாகவே ஒருவர் சாக வந்து நிற்கும் நாளில், ‘இதுவும் வீடியோ பசங்கதான்’ என்று அவருக்குத் தோன்றிவிடலாம்.

பிளாட்பாரத்தில் தள்ளி நின்று கை காட்டினால், சில நேரம் சின்னதாக ஒரு ஹாரன் பதிலாக வரும். ‘பார்த்துட்டேன் தம்பி’ என்பதுபோல. அது அவராகக் கொடுப்பது. மற்றது நாம் பிடுங்கியது. வீடியோ பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, எடுத்தவருக்குத் தெரியும்.

ஆகவே எந்த இடம் நல்ல லொகேஷன் என்று கேட்டால், வெளிச்சத்துக்கும் வளைவுக்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன்: நாம் அங்கே இல்லாவிட்டாலும் அதே ஹாரன் அடிக்கப்பட்டிருக்கும் இடம். மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம், சாலையில், பைக்காரர்களோடு நின்றாலே போதும். பலகையைப் பார்த்து அவர் ஊதத்தான் போகிறார்.