யாருக்குச் சொந்தமான கவனம்

மறதிக்காரப் பேராசிரியர் நம் வார இதழ்களின் பழைய துணுக்குப் பாத்திரம். மனைவி சிரித்துக்கொண்டே அவர் நெற்றியிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுப்பார். அதே மனைவி அடுப்பில் வைத்த பாலை மறந்தால் துணுக்கு பிறக்காது. 'பொறுப்பு கெட்டவள்' என்பார்கள். ஒரே மறதி, அவருக்கு மேதைமையின் அடையாளம், அவளுக்கு நடத்தைக் குறை.

கவனக்குறைபாடு என்ற பெயரை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1980இல் ஏற்றது. அதன் இலக்கணம் பெரும்பாலும் வகுப்பில் உட்கார முடியாமல் ஓடிய சிறுவர்களைப் பார்த்து எழுதப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சும்மா இருந்த சிறுமியால் யாருக்கும் தொந்தரவில்லை, அதனால் அவள் கண்ணில் படவில்லை. இந்தக் கூறுகள் உயரத்தைப் போல எல்லாரிடமும் கூடியும் குறைந்தும் இருப்பவை. எங்கே கோடு கிழித்து 'இதற்கு மேல் குறைபாடு' என்பது என மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். 2013இன் ஐந்தாம் பதிப்பு, சிறுவர்களுக்கு ஆறு அறிகுறிகள் கேட்ட இடத்தில் பெரியவர்களுக்கு ஐந்து போதும் என்றது.

பெரியவர்களுக்கென உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து உருவாக்கப்பட்ட படிவத்தில் 18 கேள்விகள். பொருளை வைத்த இடம் மறக்கிறதா, ஒப்புக்கொண்ட வேலை நினைவில் நிற்கிறதா என்ற வகை. பாம்பன் தீவின் சின்னப்பாலத்தில் இதை ஒரு பெண்ணிடம் நீட்டிப் பாருங்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரம், குழுக்கடன் தவணை, மாமியாரின் மாத்திரை, கடலுக்குப் போனவர் இன்னும் திரும்பாதது எல்லாம் ஒரே தலைக்குள். 'அடிக்கடி' என்று அவள் போடும் டிக் மூளையைச் சொல்கிறதா, சுமையைச் சொல்கிறதா? படிவம் மட்டும் இதைப் பிரித்தறியாது. 12 வயதுக்கு முன்பே இருந்ததா என்று மருத்துவர் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் சுமையின் கணக்கில் எழுதிவிடவும் எனக்கு மனமில்லை. நம் பெண்ணியப் பேச்சிலும் அந்த அவசரம் உண்டு. உண்மையிலேயே கவனத்தைக் கட்டி நிறுத்த முடியாத பெண்ணுக்குச் சுமை குறைந்தாலும் தத்தளிப்பு தீராது. 'திமிர்', 'சோம்பேறி' என்ற பட்டங்களோடு வளர்ந்தவளுக்கு நாற்பதில் கிடைக்கும் ஒரு பெயர் பெரிய ஆறுதல்.

இக்கரையில் கவனத்துக்கு வேறொரு அளவும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்குகிறார்கள். பாறை, அலை, மூச்சின் மிச்சம் மூன்றையும் ஒரே நேரத்தில் கணக்கிடுகிறார்கள். பாசி மறுபடி வளரட்டும் என்று மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பதெனத் தாங்களே முடிவெடுத்தவர்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. அதே பெண்கள் கரையேறியதும் ரேஷன் அட்டையைத் தேடுகிறார்கள்.

நீருக்கடியில் அவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. கரையில் அப்படி ஒரு மூச்சளவு நேரம் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?