பந்து வராத தாவல்

பலனில் பற்று வையாது கர்மத்தைச் செய் என்று கீதை விதிக்கையில், பலனையே எண்ணாதவனுடைய முயற்சியில் தீவிரம் எங்கிருந்து பிறக்கும் என்று லௌகிகர் எழுப்பும் ஆட்சேபம் மிகப் பழையது. அதற்கு வியாக்கியானங்களில் விடை தேடிக் களைத்தவர்கள், வாலிபால் களத்தின் ஓரத்தில் சற்று நேரம் நின்று, வலையின் நடுவில் ஆடுகிறவனுடைய கால்களைக் கவனித்தால் அந்த நேரம் வீண்போகாது.

ஆடவர் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர். அதற்கு மேல் கையோங்கி அடிப்பதற்காக அவன் மாதக்கணக்கில் தோளில் பாரம் தாங்கிப் பஸ்கி எடுக்கிறான். மேடையிலிருந்து குதித்து, பாதம் தரையைத் தொட்ட மாத்திரத்தில் மறுபடியும் எழும்புகிறான். இறங்குகையில் நீளும் தசையும் தசைநாணும் தம்முள் சேமித்த விசையை உடனே எழுச்சிக்குத் திருப்பித் தருகின்றன என்பதும், தாமதித்தால் அது விரயமாகும் என்பதும் இந்த அப்பியாசத்தின் சூட்சுமம். முழங்காற் சில்லுக்குக் கீழே நோவு காண்பதும் இவர்களுக்குச் சகஜமான உபாதையே.

இத்தனை பிரயாசைக்குப் பின்னும், அவன் எழும்பும்போதெல்லாம் பந்து அவனிடம் வருவதில்லை. அவனை நம்பி எதிரணியின் தடுப்பாளர் எழும்ப, பந்து பின்னாலிருந்து வரும் வேறொருவனிடம் போகிறது, கைதட்டலும் அவனுக்கே. உயரத்தில் மிஞ்சிய ஐரோப்பியரை எதிர்ப்பதற்கு இவ்வுபாயத்தை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்த ஜப்பானியப் பயிற்சியாளர் மட்சுதைரா யாசுதாகாவின் அணி, 1968-இல் மெக்ஸிகோவில் வெள்ளியும் 1972-இல் மியூனிக்கில் தங்கமும் பெற்றது.

பந்து வராதென்று தீர்மானித்து அரைமனதாய் எழும்புகிறவனை எதிராளி ஒருபோதும் நம்பமாட்டான்; அடிப்பேன் என்னும் சங்கல்பம் கணுக்கால் முதல் விரல்நுனி வரை மெய்யாகவே இருந்தாலொழிய அந்தத் தாவல் பயன்படாது. ஏமாந்த கசப்பினால் அடுத்த முறை அரை அங்குலம் தாழ எழும்புகிறவனாலும் அணிக்குப் பயனில்லை. ஆதலால், விருப்பம் பொய்த்த பின்னும் முயற்சி குன்றாதிருப்பதையே நிஷ்காமம் என்று கொள்வது பொருந்துமென எனக்குத் தோன்றுகிறது. சங்கரர் சம்மதிப்பாரோ என்பது வேறு விவகாரம். எதிராளியை ஏமாற்றும் இத்தாவல் வஞ்சனையல்லவா என்போருக்கு, உபதேசித்த கண்ணனே குருக்ஷேத்திரத்தில் எத்தனை உபாயங்களுக்கு உடந்தை என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

அணியின் வெற்றியை அவன் விரும்புகிறானே, அதுவும் பலன்தானே என்னும் ஆட்சேபத்தை மட்டும் என்னால் முற்றும் தள்ள முடியவில்லை. தன் பலனை விட்டவன் பொதுப்பலனைப் பற்றிக்கொண்டிருக்கிறான்; அதற்கென்றே கீதை, உலக நலத்துக்காகச் செயல்படுவதாகிய லோகஸங்கிரகம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது என்றாலும், பதக்கத்துக்காக ஆடும் ஆறு பேரை லோகம் என்று கொள்ளலாமா என்பது சந்தேகமே.