எட்டும் உயரம்

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால், உச்ச ஒலியைத் தரும் ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரட்டும் என்பார்கள். கனத்த ஒலி அறையெங்கும் பரவிவிடும். மெல்லிய உச்ச ஒலி முன்னால் குவிந்து பாயும். காதுக்கு நேராக இல்லாவிட்டால் ஜால்ராவின் கிணுகிணுப்பு மங்கிப்போகும். சோபாவில் அமர்ந்தவரின் காது தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர். நடக்கத் தொடங்கிய குழந்தை முக்கால் மீட்டரைச் சற்றே தாண்டியிருக்கும். கையைத் தூக்கினால் அதற்கும் ஒரு மீட்டர் எட்டிவிடும். பெரியவர்களின் காதுக்குப் போட்ட கணக்கு குழந்தையின் சுட்டுவிரலுக்கு அப்படியே பொருந்துகிறது.

மகளும் பேத்தியும் எங்களோடு வந்து தங்கியபோது பேத்தி சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். கூடம் நிறையப் பொம்மைகள். அவள் போய் நின்ற இடம் ஸ்பீக்கர். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வட்டமாக, மெத்தென்று, நடுவில் புடைத்துக்கொண்டு இருக்கிற ஒன்றை யார்தான் அமுக்கிப் பார்க்காமல் இருப்பார்கள்?

அந்தப் புடைப்பில் இரண்டு வகை உண்டு. 1925-இல் ரைஸ், கெல்லாக் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள், காந்தத்தின் இடுக்கில் ஆடும் கம்பிச்சுருளோடு ஒரு காகிதக் கூம்பை இணைத்து ஒலிபெருக்கி செய்தார்கள். இன்றைய வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் அடிப்படை. கூம்பின் நடுவில் தெரியும் குமிழ் பெரும்பாலும் சுருளுக்குள் தூசி போகாமல் தடுக்கும் மூடிதான். குழந்தை அதை உள்ளே தள்ளிவிட்டால் பார்க்க நன்றாக இருக்காது. பாட்டு அநேகமாக மாறாது. ட்வீட்டர் அப்படியல்ல. 1950களின் கடைசியில் எட்கர் வில்ச்சர் தன் ஏ.ஆர்.-3 ஸ்பீக்கரில் உச்ச ஒலிக்குக் கூம்பை விட்டுவிட்டுச் சிறு குவிமாடத்தை வைத்தார். இன்று பல வீட்டு ஸ்பீக்கர்களில் இருப்பது ஓர் அங்குல அகலக் குவிமாடம், பாடுவதே அதுதான். பட்டுத்துணியில் செய்ததென்றால், அமுங்கினாலும் ஒட்டுநாடாவை வைத்து மெல்ல இழுத்து எடுத்துவிடலாம். அலுமினியம் என்றால் விழுந்த மடிப்பு விழுந்ததுதான். விலைகூடிய சிலவற்றில் பெரிலியம் இருக்கும். அது நொறுங்கும்; நொறுங்கிய தூள் நுரையீரலுக்கு விஷம். அதனால் அதைப் பெரும்பாலும் உலோக வலைக்குப் பின்னால் வைக்கிறார்கள்.

சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றித் தருகிறவர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். “கொழந்தை இருக்கிற வீட்ல கிரில்லைக் கழட்டி வெச்சுட்டு அப்புறம் எங்கிட்ட வராதீங்க சார்” என்றார். பாட்டுப் பித்துப் பிடித்தவர்களுக்கு முன்பக்கத் துணிக் கிரில்லைக் கழற்றி வைத்துக் கேட்பது ஒரு பெருமை. துணி உச்ச ஒலியைக் கொஞ்சம் மறைக்கத்தான் செய்யும். அந்தக் கொஞ்சத்தைக் கண்டுபிடிக்கும் காது எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதை இங்கே கிளற வேண்டாம். ஆனால் இப்போது வருகிற துணிக் கிரில்களில் பல, காந்தத்தால் ஒட்டி நிற்பவை. ஒரு வயதுக் குழந்தை ஒரே இழுப்பில் கழற்றிவிடும். திருகாணி போட்ட இரும்பு வலைதான் நம்பத் தக்கது.

இதுவரை சொன்னதெல்லாம் பொருளைக் காப்பாற்றும் பேச்சு. குழந்தையும் ஸ்பீக்கரும் ஒரே வீட்டில் என்றாலே என் நண்பர்கள் முதலில் விசாரிப்பது ட்வீட்டரை. மருமகன் மட்டும் வந்த அன்றே ஸ்டாண்டைப் பிடித்து அசைத்துப் பார்த்துவிட்டு, “மாமா, இது இவ மேல சாஞ்சா?” என்று கேட்டார். அஞ்ச வேண்டிய வரிசை அதுதான்: முதலில் குழந்தை, பிறகுதான் பெட்டி. ஏழெட்டுக் கிலோப் பெட்டி, ஒல்லியான ஸ்டாண்டின் உச்சியில், கீழே ஓடும் ஒயரோடு. நிற்கப் பழகும் குழந்தை எதைப் பிடித்தாலும் தன் முழு எடையையும் அதில் போடும். தரையில் நிற்கும் தூண் ஸ்பீக்கர் என்றால் இருபது முப்பது கிலோ, அடிப்பாகம் குறுகல். பீரோவைப் போல அதையும் சுவரோடு பட்டை போட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து மேசைமேல் அலட்சியமாகக் கிடக்கும் ரிமோட். சின்ன ரிமோட்டுகள் பலவற்றில் இருப்பது பொத்தான் வடிவ பேட்டரி. குழந்தை அதை விழுங்கி அது தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொண்டால், ஈரத்தில் மின்சாரம் ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூடியில் திருகாணி இல்லாத ரிமோட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன்.

பிறகு சத்தம். மூலத்துக்கான தூரம் பாதியாகும்போது ஒலி 6 டெசிபல் ஏறும் என்பது திறந்தவெளிக் கணக்கு. நாலு சுவருக்குள் அவ்வளவு ஏறாது. ஆனாலும் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்து நான் 70 டெசிபலில் சுகமாகக் கேட்கும்போது, பெட்டியோடு ஒட்டி நிற்பவளுக்கு 80-ஐத் தாண்டியிருக்கும். காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், 75 டெசிபல். ஆக, எனக்கு அளவாக இருப்பது அவளுக்கு அளவு அல்ல.

எங்கள் அப்பா காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. வால்வு ரேடியோ சுவர்ப் பலகையில், பின்னல் துணி போர்த்தி, எங்கள் தலைக்கு மேலே இருந்தது. குமிழைத் திருகும் உரிமை அவருக்கு மட்டும். ரேடியோவில் ஒரு கீறல் விழவில்லை. பாட்டு மேலிருந்து வந்தது. அது எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்று நாங்கள் தொட்டுப் பார்த்ததே இல்லை. அந்தக் குறையைக் கல்யாண வீடுகளில் தீர்த்துக்கொண்டோம். மைக் செட்காரர் பெட்டிகளை இறக்கிப் பாட்டைப் போட்டதும் முன்னால் போய் நிற்போம். தபேலா விழும்போதெல்லாம் வயிறு அதிரும். அவர் துரத்துவார், சுற்றிக்கொண்டு மறுபடி வருவோம்.

ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் யாரோ ஒருவர் எதையோ விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்பாவின் வீட்டில் விட்டுக்கொடுத்தவர்கள் நாங்கள். இங்கே பேத்தியிடம் அதைக் கேட்க முடியாது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் ‘தொடாதே’ என்பது சொல்கிறவர் எதிரில் நிற்கும்வரைதான். நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் விரல் போய்விடும். அது அடமல்ல, வயது. ஆகவே இழப்பு என் பங்குக்கு வந்தது. பெட்டிகள் சுவரில் இரும்புச் சட்டத்தில் ஏறிவிட்டன, கீழ்நோக்கிக் கொஞ்சம் சாய்த்து. முன்பு இரண்டு பெட்டிக்கும் நடுவில் பாடகர் வந்து நிற்பது போலிருக்கும். இப்போது அவர் பரணில் உட்கார்ந்து பாடுகிறார். பேத்தியின் மழலைக்கு முன்னால் அதெல்லாம் எம்மாத்திரம் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. மழலை மழலைதான், போனது போனதுதான்.

எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டால் அப்பாவின் பலகைதான் மறுபடி வரும். அதனால் ஒரு பழைய ஒற்றைப் பெட்டியில் ட்வீட்டரைக் கழற்றி, முன்னால் இரும்பு வலை அடித்து, ஒயரைச் சுவரோடு ஆணியடித்துத் தரையில் கிடத்தியிருக்கிறேன். சன்னமான சத்தத்தில் அது ஓடும்போது அவள் வலைமேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறாள். பாட்டு நின்றால் கையை எடுத்துப் பார்க்கிறாள். ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் எவலின் கிளென்னி, பன்னிரண்டு வயதிலேயே கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். வெறுங்காலோடு மேடையேறி அதிர்வை உடம்பால் வாங்கி வாசிப்பவர். ஒலி கைக்கும் வரும் என்பது அவருக்கும் பேத்திக்கும் தெரிந்த சங்கதி.

மகள் ஆம்ப்ளிஃபையர் குமிழில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, “அப்பா, இதுக்கு மேல போகக் கூடாது” என்று சொல்லிவிட்டாள். அந்தக் கோட்டுக்குள் மிருதங்கத்தின் கனத்த தொப்பி ஒலி கேட்காது. சத்தம் குறையக் குறைய மனிதக் காது கனத்த ஒலியைத்தான் முதலில் இழக்கும் என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதை ஈடுகட்டத்தான் பழைய ஆம்ப்ளிஃபையர்களில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். ஒலியைக் கலப்படம் செய்கிறது என்று எங்கள் பாட்டுக் கூட்டத்தில் யாரும் அதைத் தொட மாட்டார்கள். இப்போது எங்கள் வீட்டில் அது அமுக்கியபடியே இருக்கிறது.