கறளும் பூச்சும்

வாயினால் ஒரு பொய்யுங் கூறாதவன், கையினால் ஒரு குற்றத்தை மறைத்தமை பற்றிப் பொய்யன் எனப்படுவானா? இவ்வினா பழையது. எனினும் யாம் இதனை நூலிற் கண்டு ஆராய்ந்தோமல்லேம். ஒரு பழைய பிக்கப் வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்தே ஆராய நேர்ந்தது. ஆதலின் அவ்வண்டியின் வரலாற்றை முதற்கண் சுருக்கிக் கூறிப் பின்பு நியாயத்தை விசாரிப்பாம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கைக்கு மோட்டார் வண்டிகளை இறக்குமதி செய்தல் நிறுத்தப்பட்டது. அத்தடை 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேதான் பெரும்பாலும் நீங்கிற்று. இடைப்பட்ட காலத்திற் பழைய வண்டிகளெல்லாம் பெருவிலை பெற்றன. அவ்வாறான வேளையில், 2021இல், யாம் ஒரு மொறிஸ் மைனர் பிக்கப்பை வாங்கினோம். கரையோர ஊரொன்றிலிருந்து வந்த அவ்வண்டி புதிய கரும்பச்சை வர்ணத்தோடு ஒளிர்ந்தது. விற்றவர் அதனை நல்ல வண்டியென்று புகழ்ந்தாரல்லர். "பாருங்கள்" என்று மாத்திரம் கூறினார். யாமும் பார்த்தோம், பார்த்தது வர்ணத்தையே.

அப்புத்தளையோ கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,430 மீற்றர் உயரத்தில், மலைமுதுகின்மேல் அமைந்த ஊர். தென்புறத்துத் தாழ்நிலத்திலிருந்து எழும் மூடுபனி பிற்பகலிற் கடைத்தெருவினுள்ளும் புகும். தேயிலைக்கு உகந்த அவ்வீரம் இரும்புக்குப் பகை. இரண்டு மழைகாலங் கழியுமுன் கதவின் கீழோரத்தில் வர்ணம் கொப்புளித்தது. ஒரு கொப்புளத்தைத் திருப்புளியாற் குத்தினோம். திருப்புளி மறுபுறஞ் சென்றது. வண்டியின் கீழே நுழைந்து சுத்தியலாற் தட்டிப் பார்த்தோம். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். பழுதுற்ற இரும்பு மண்கட்டிபோல மழுங்க ஒலிக்கும். பின்சக்கர வில்லுத்தகடு பொருந்தும் இடத்தில் அடிச்சட்டம் மழுங்கவே ஒலித்தது. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர்க் காருக்குத் தனி அடிச்சட்டம் இல்லை. 1953இல் வந்த பிக்கப்புக்கோ ஏணி போன்ற தனிச் சட்டம் உண்டு. ஏற்றிய பாரமெல்லாம் அதன்மேலேயே தங்கும். அஃது ஒடியின் வளைவொன்றில் நிகழ்வதை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கராஜ்காரர் ஒருவர் எமக்கு எளிய வழி கூறினார்: "ஓட்டைகளைப் பட்டியால் அடைத்து, அரத்தாள் தேய்த்து, மேலே வர்ணம் அடித்தால் ஒரு கிழமையிற் புதுவண்டி, அடுத்த மழைக்கு முன் விற்றுவிடுங்கள், மாஸ்டர்." வாங்குவாரும் அருகில் இருந்தார். அவர் தோட்ட வேலையினின்று ஓய்வுபெற்றவர். மரக்கறி வாங்கிப் பண்டாரவளைச் சந்தைக்குக் கொண்டுசெல்பவர். ஊழியர் சேமலாப நிதியாகக் கிடைத்த பணமே அவருடைய முதல். அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் எம்மிடம் படிக்கின்றவர்கள். எமக்கோ மகளின் மேற்படிப்புக்குப் பணம் வேண்டியிருந்தது. அன்றிரவு எம்முள்ளத்தில் எழுந்த நியாயங்களை ஒளியாது எழுதுகின்றோம். அவை எவர்க்கும் எழத்தக்கன.

முதலாவது: வாங்குவோனுக்குக் கண் உண்டு, ஆராய்ந்து கொள்வது அவன் கடன் அன்றோ? அற்றன்று. பட்டியும் வர்ணமும் அவன் கண்ணைத் தடுத்தற்கென்றே பூசப்படுவன. ஒருவன் கண்ணைக் கட்டிவிட்டு, "உனக்குக் கண் உண்டே" என்பது நியாயமாகாது.

இரண்டாவது: எம்மை ஒருவர் இவ்வாறு வஞ்சித்தாரன்றோ? யாம் பெற்றதையே கொடுக்கின்றோம். இதுவும் பொருந்தாது. ஒருவர் எமக்குச் செய்த தீங்கு, வேறொருவரிடம் யாம் வசூலிக்கத்தக்க கடனாகாது. அவ்வாறு கைமாறுந்தோறும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பூச்சை ஏற்றுவர். இரும்போ உள்ளே குறைந்து கொண்டே செல்லும். கடைசியாக அதனை ஓட்டுவோன் எல்லாருடைய கடனையும் ஒருங்கே கொடுப்பான்.

மூன்றாவது வலியது: பூச்சென்பதே மறைப்புத்தானே? உடையும் இன்சொல்லும் ஒருவகை மறைப்பே. எல்லா மறைப்பும் பொய்யெனின் உலக ஒழுக்கம் யாதாகும்? இதற்கு விடை எம் அறிவினின்று வந்ததன்று. கறளின் இயல்பினின்றே வந்தது.

இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் கூடியவழிக் கறள் தோன்றும். அலுமினியத்தின்மேற் படியும் ஒட்சைட்டு அதனைப் போர்வைபோற் காக்கும். இரும்பின் கறள் அத்தன்மைத்தன்று. அது நுண்டுளைகள் உடையது. தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு பருத்து, மேலுள்ள பூச்சைத் தூக்கும். துளைகளில் ஈரத்தைத் தேக்கி மேன்மேலும் உட்செல்லும். ஆதலாற் சுத்தமான இரும்பின்மேற் பூசிய வர்ணம் நீரை வெளியே நிறுத்திக் காக்கும். கறளின்மேற் பூசிய வர்ணமோ நீரை உள்ளே வைத்துக் காக்கும். வர்ணம் ஒன்றே, தூரிகை ஒன்றே, முன்னே செய்யப்பட்ட வேலையால் ஒன்று காவலாகவும் மற்றொன்று கள்வனுக்கு இடங்கொடுத்தலாகவும் முடிகின்றது. இன்சொல்லும் அவ்வாறே. உள்ளத்தைத் திருத்திக் கொண்டவனுடைய இன்சொல் ஒழுக்கம்; திருத்தாதவனுடையது வஞ்சகம். எனவே, மறைத்தலா வெளிப்படுத்தலா என்பது வினாவன்று. சுரண்டினாயா என்பதே வினா.

சுரண்டத் துணிந்தோம். மூன்று மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. பழைய வர்ணத்தில் ஈயம் இருத்தல் கூடுமாதலின் அதன் தூசு பிள்ளைகளுக்கு நஞ்சு. ஆகையால் அவர்களை விலக்கி, மூக்கையும் வாயையும் காக்கும் முகக்கவசம் அணிந்து, உலரத் தேய்யாது நீர் தொட்டே தேய்த்தோம். செதிலாய் நின்ற கறளைக் கம்பித் தூரிகையால் ஒளிரும் இரும்பு தோன்றுங்காறும் நீக்கினோம். அடிச்சட்டத்தின் பழுதுற்ற பகுதியை வெட்டி, அதே தடிப்புள்ள உருக்குத் தகட்டை ஒட்டுதல் வீட்டில் ஆகாதது. அதனைப் பட்டறையிற் செய்வித்தோம். நுண்குழிகளில் எஞ்சிய கறளுக்குத் தனிக்கமிலம் சேர்ந்த மருந்தைத் தடவ, அது கறுத்து இறுகிற்று. இரும்புச் சட்டியிற் காய்ச்சிய தேயிலைச் சாயம் கறுப்பதைக் கண்டவர்க்கு இது வியப்பன்று. ஈரம் முற்றும் உலர்ந்த வெயில் நாளிலேயே அடிப்பூச்சிட்டு, அதன்பின் வர்ணம் பூசினோம். ஒரு கிழமை வேலைக்கும் மூன்று மாத வேலைக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு யாதுமில்லை. அதுவே இதிலுள்ள சோதனை.

பின்பு அப்பெரியவரை அழைத்து, எங்கே வெட்டினோம், எங்கே ஒட்டினோம் என்பவற்றைக் காட்டினோம். அவர் தாமே கீழே நுழைந்து தட்டிப் பார்த்தார். எம் வாய்மையை மெச்சினாரல்லர், விலையைக் குறைத்தார். யாம் வாங்கிய விலையிலும் குறைவாகவே விற்றோம். மகளின் படிப்புக்குக் கடன்பட்டோம். வாய்மைக்கு எப்பொழுதும் ஊதியம் உண்டென்று மாணாக்கர்க்குக் கற்பிப்போர் அவர்களை ஏமாற்றுகின்றனர் என்பதை யாம் அன்று உணர்ந்தோம். வாய்மை செய்யத்தக்கதாதலிற் செய்யப்படுவது, இலாபம் பற்றியன்று.

இன்னுமொன்று. அப்புத்தளைக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்துச் சமனலவாவிப் பகுதியில், 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலே பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை ஆராய்ச்சியாளர் கண்டு 1996இல் வெளியிட்டனர். அவ்வுலைகளில் இட்ட தாது யாது? இரும்பின் ஒட்சைட்டே, கறளுக்கு இனமாயதே. ஆகவே இரும்புக்குக் கறள் புதிதாய் வந்த அயற்பொருளன்று. இரும்பு முயற்சியால் அதனின்று பிரிக்கப்பட்டது. முயற்சி தளர்ந்தவிடத்து அதற்கே மீளும். செம்பிற் களிம்புபோல ஆணவமலம் ஆன்மாவோடு அநாதியே உள்ளதென்று நம் ஆசிரியர்கள் கூறிய உவமையை, யாம் இளமையிற் பாதிரிமார் பாடசாலையிற் கேட்ட சுண்ணந்தீற்றிய கல்லறையின் உவமையோடு ஒருங்கு வைத்து எண்ணினோம். ஒன்று குற்றத்தின் பழமையையும், மற்றொன்று பூச்சின் பயனின்மையையும் காட்டுகின்றன. இரும்பு தன்னைத் தானே சுரண்டமாட்டாது. பிறிதொரு கை வேண்டும்.

அக்கை ஒருமுறை தொழிற்பட்டு ஓய்வதும் அன்று. நம் முன்னோருட் பலர் மண்டபம் வழியாக இந்நாட்டுக்கு வந்த காலத்துப் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. கடற்காற்றினிடையே நூறாண்டுக்கு மேல் அதனைப் பேணி வந்தும், பழுது பற்றி 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் இரயில் நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்பிரலிற் புதுப்பாலம் திறக்கப்பட்டது. ஸ்கொத்லாந்திலே 1890இற் திறக்கப்பட்ட போர்த் பாலத்துக்கு வர்ணம் பூசுதல் முடிவின்மைக்கு ஒரு பழமொழியாயிற்று. 2002 முதல் 2011 வரை பழைய பூச்சுகளையெல்லாம் நீக்கி, இரும்பைத் தூய்மையாக்கிப் பூசிய பின்னரே, ஏறக்குறைய 25 ஆண்டு நிற்குமெனத்தக்க காவல் அதற்கு வாய்த்தது.

ஆசிரியன்மீர், நம் தொழிலை நோக்குவாம். எட்டாம் வகுப்பிலிருந்தும் ஒரு பந்தியைத் தடையின்றி வாசிக்கமாட்டாத பிள்ளை நம் தோட்டப் பாடசாலைகளில் இல்லையா? அப்பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் "திருப்தி" என்று எழுதி மேல்வகுப்புக்கு அனுப்பும்பொழுது நாம் பட்டி அடைத்து வர்ணம் பூசுகின்றோமல்லமா? கையெழுத்து அழகியது, பெற்றோரும் மகிழ்வர், அதிபருக்கும் கணக்குச் சரி. பாரம் ஏறும்பொழுது ஒடிவது அப்பிள்ளையின் வாழ்வே. அவனைக் கடிதலும் நாணுறுத்தலும் சுரண்டுதலாகா. வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம் அவனருகிருந்து எழுத்துக்கூட்டி வாசிப்பித்தலே கம்பித் தூரிகை. அதனை எவரும் காணார். அறிக்கையிலும் அதற்கு இடமில்லை.

கையினால் மறைத்தவனும் பொய்யனே என்பது எம் துணிபு. அவ்வண்டி இன்றும் காலையில் மரக்கறியோடு எம் பாடசாலை வாயிலைக் கடந்து செல்கின்றது. சில நாளில் அப்பேரப்பிள்ளைகள் இருவரும் அதிலேயே வந்து இறங்குகின்றார்கள். அவர்களுள் இளையவன் இன்னும் எழுத்துக்கூட்டியே வாசிக்கின்றான். அவனை இன்று பிற்பகல் நிற்கச் சொல்லியிருக்கின்றோம்.